கோழி எருவில் எத்தனை மூடை யூரியா?

குவித்த இடம்

வயல் வரம்போரமாக லொறியோ உழவு இயந்திரப் பெட்டியோ கோழி எருவைக் கொட்டிவிட்டுப் போகும். சில நாளோ சில கிழமையோ அது அங்கேயே கிடக்கும். பிறகு ஆள்விட்டு வாரி வயலெங்கும் வீசுவார்கள். குவியல் கிடந்த இடத்தில் மட்டும் அந்தப் போகம் நெல் சரியாக முளைக்காது. முளைத்தாலும் இலை நுனி கருகி நிற்கும். அடுத்த போகத்தில் அதே வட்டம் வீதியில் நின்று பார்த்தாலே தெரியும். சுற்றியுள்ள பயிரைவிட ஒரு சாண் உயரம், கரும்பச்சை. கதிர் முற்றும் நேரத்தில் காற்றடித்தால் முதலில் சாய்வதும் அந்த இடந்தான். அறுத்துத் தூற்றினால் பதர் கூட.

ஒரே எரு. முதற்போகம் பயிரைக் கொன்றது, மறுபோகம் அளவுக்கு மீறி வளர்த்தது. ஏன் என்று கண்டாவளையில் கேட்டாலும் ஓமந்தையில் கேட்டாலும் "கோழி எரு சூடு" என்பார்கள். சரி, மாட்டெரு ஏன் அப்படிச் சுடுவதில்லை? அதுவும் எரு, இதுவும் எரு. இரண்டுமே குவியலில் கிடக்கும்போது கையை விட்டால் சுடத்தான் செய்யும்.

வன்னிக்கு இது ஒப்பீட்டளவில் புதிய கேள்வி. முன்பு வயலுக்கு எரு என்றால் மாடு. அறுவடை முடிந்த வயலில் பட்டி கட்டி, இரவிரவாக மாடுகளை அடைத்து, நாலைந்து நாளைக்கு ஒருமுறை பட்டியை இடம்மாற்றுவார்கள். தோட்டக்காரர் குழை தாழ்ப்பார்கள். 2008, 2009 இன் கடைசி யுத்தத்தோடு பட்டி பட்டியாக மாடுகள் செத்தும் சிதறியும் போயின. மீள்குடியேறியவர்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சும் கூடும் வந்தன. பின்னர் சிறிய இறைச்சிக்கோழிக் கொட்டில்கள் எழுந்தன. இப்படித்தான் கோழி எரு வயலுக்குள் வந்தது. 2021 இல் யூரியா இல்லாமற்போன போது, "எவ்வளவு போட்டால் யூரியாவுக்குச் சரி?" என்ற கேள்வியும் கூடவே வந்தது.

எச்சத்தின் வெள்ளை

முற்றத்தில் கோழி போட்ட எச்சத்தைக் குனிந்து பாருங்கள். மண்ணிறமும் பச்சையும் கலந்த ஒரு கட்டி. அதன் மேல் வெள்ளையாக ஒரு பசை. மண்ணிறக் கட்டி குடலிலிருந்து வந்தது. வெள்ளை சிறுநீரகத்திலிருந்து வந்தது. அது கோழியின் மூத்திரம். பறவைகளுக்கு இரண்டும் ஒரே வாசலால் வெளியேறுகின்றன.

உடம்பில் புரதம் உடையும்போது அதிலிருக்கும் நைதரசன் மிஞ்சும். பயிரைப் பச்சையாக்கும் சத்து இதுதான். உடம்புக்குள் தேங்கினாலோ நஞ்சு. மீன் அதை அமோனியாவாகத் தண்ணீரில் விட்டுவிடுகிறது. நாமும் மாடும் அதை யூரியாவாக்கி, நிறையத் தண்ணீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். கோழி அதை யூரிக் அமிலமாக்குகிறது. யூரிக் அமிலம் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. வெள்ளைப் பொடியாகப் படிந்துவிடும்.

இதற்குக் காரணம் முட்டை. குஞ்சு 21 நாள் மூடிய ஓட்டுக்குள் இருந்தாக வேண்டும். கழிவை வெளியே விட வழியில்லை. யூரியாவாகக் கரைத்து வைத்தால் தன் கழிவிலேயே குஞ்சு ஊறிச் செத்துவிடும். கரையாத பொடியாக்கி ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டால் தொல்லை இல்லை. அடை கிடந்த கோழி குஞ்சு பொரித்தபின் ஓட்டை எடுத்துப் பார்த்தால், உட்சவ்வில் வெள்ளையாக ஒட்டியிருப்பது அந்த 21 நாட் கழிவு. வளர்ந்த கோழியும் அதே முறையைத் தொடர்கிறது.

மாட்டெருவுக்கும் கோழி எருவுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. மாடு வெளியேற்றும் நைதரசனில் பாதியளவு மூத்திரத்தோடு பட்டி மண்ணுக்குள் போய்விடுகிறது. நாம் வாரிக்கொண்டு வருவது சாணியை. அதிலுள்ள நைதரசன் செரிக்காத நாரோடு பிணைந்து கிடக்கிறது, அவிழ மாதங்கள் ஆகும். கோழியிடம் மூத்திரத்தைத் தனியே பிரிக்க முடியாது. எச்சத்திலுள்ள நைதரசனில் பாதிக்கு மேல், பெரும்பாலும் 60 முதல் 70 வீதம், யூரிக் அமிலமாகவே இருக்கும். அதாவது கோழி எரு என்பது சாணியும் திடமான மூத்திரமும் சேர்ந்த ஒன்று.

பறவை எச்சத்தின் இந்தக் குணத்தை வைத்து ஒரு நாடே பிழைத்த கதையும் உண்டு. பெரு நாட்டுக் கரையோரமுள்ள சிஞ்சாத் தீவுகளில் கடற்பறவைகளின் எச்சம் பல பத்து அடி உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அங்கே மழை கிட்டத்தட்ட இல்லை. நனையாததால் யூரிக் அமிலம் உடையாமல் அப்படியே காய்ந்து இருந்தது. இன்கா மக்கள் அதன் பெறுமதியை அறிந்திருந்தார்கள். 1840களிலிருந்து ஐரோப்பியக் கப்பல்கள் அதை வெட்டி ஏற்றத் தொடங்கி, நாற்பது ஆண்டுக்குள் தீவுகளைச் சுரண்டி முடித்தன. காற்றிலிருந்தே நைதரசனைப் பிடிக்கும் தொழிற்சாலை ஜேர்மனியில் 1913 இல் இயங்கத் தொடங்கிய பின்னர்தான் உலகம் பறவை எச்சத்தை மறந்தது. இன்றைய யூரியா மூடை அந்தத் தொழிற்சாலையின் வழிவந்தது.

எரிவது எதனால்?

காய்ந்திருக்கும் வரை யூரிக் அமிலம் சாது. ஈரம் பட்டதும் பற்றீரியாக்கள் வேலையைத் தொடங்குகின்றன. யூரிக் அமிலம் யூரியாவாகும், யூரியா அமோனியாவாகும். கொட்டிலுக்குள் காலையில் நுழைந்தவுடன் கண் கரிக்கிறதே, அது அமோனியா. எரு மணக்கிறது என்றால் பயிருக்கு வாங்கிய நைதரசன் காற்றோடு போகிறது என்று பொருள். மூக்கைப் பொத்திக்கொள்வதோடு மடியையும் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டிய நேரம் அது.

அமோனியா வாயு முளைக்கும் விதையையும் இளவேரையும் நேரடியாகத் தாக்கும். உயிரணுவின் சவ்வை எளிதில் ஊடுருவி உள்ளே போய்விடும். விதைத்து ஒரு கிழமையான நாற்று அதைத் தாங்காது. ஒரு மாதப் பயிர் ஓரளவு தாங்கும்.

இரண்டாவது காரணம் உப்பு. கோழித் தீவனத்தில் உப்புச் சேர்க்கிறார்கள். பொற்றாசியமும் அமோனியமும் வேறு. எரு கரையும்போது வேரைச் சுற்றிய மண்நீர் உப்பு மிகுந்ததாகிறது. உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர்விட்டுச் சுருங்குவதைப் போல வேர் தன் நீரை இழக்கிறது. மண்ணில் ஈரம் இருந்தும் பயிர் வாடுகிறது, நுனி கருகுகிறது. பூநகரிப் பக்கம் கடலோர வயல்களில் ஏற்கெனவே உவர் இருக்கிறது. அங்கே அதிகமாகக் கோழி எரு போடுவது இரட்டைத் தண்டனை.

ஆக, வயலில் பயிர் கருகுவதற்கும் குவியலின் வெப்பத்துக்கும் தொடர்பு சொற்பம். பரவி வீசிய எரு சுடுவதில்லை. அமோனியாவும் உப்புமே வேலையைக் காட்டுகின்றன. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: கால இடைவெளி. ஈரமண்ணில் எருவைக் கலந்து உழுது பத்து, பதினைந்து நாள் விட்டு விதைத்தால், அமோனியாவில் பெரும்பகுதி மண்துகளைப் பற்றிக்கொள்ளும். உப்பும் மண்ணோடு கலந்து ஐதாகும். மேலே வீசிவிட்டு அப்படியே விட்டால் பயிரும் எரியும், சத்தும் பறக்கும்.

மஞ்சளாவது எதனால்?

சிலர் இதற்கு நேரெதிரான முறைப்பாடு சொல்வார்கள். "கோழி எரு போட்டும் பயிர் மஞ்சளாகத்தான் நிற்குது." அவர்களும் பொய் சொல்லவில்லை. லொறியில் என்ன வந்தது என்று பார்க்க வேண்டும்.

இறைச்சிக்கோழிக் கொட்டிலில் தரையில் உமியோ மரத்தூளோ பரப்பி, அதன்மேல் கோழியை வளர்க்கிறார்கள். ஆழ்கூளம் என்பது அதன் பெயர். ஐந்தாறு கிழமையில் கோழி விலைப்படும். கூளம் எருவாக வெளியே வரும். அதில் எச்சம் பாதி, உமி பாதி. ஒரு தொகுதிக் கோழி மட்டும் வளர்ந்த கூளத்தில் உமி கூட இருக்கும். அதே கூளத்தின் மேல் மூன்று நான்கு தொகுதி வளர்த்தால் எச்சம் கூடும்.

மண்ணிலுள்ள நுண்ணங்கிகளுக்கும் உடம்பு கட்ட நைதரசன் வேண்டும். எச்சத்தில் ஒரு பங்கு நைதரசனுக்குப் பத்துப் பங்கு அளவில்தான் காபன் இருக்கிறது. அதைத் தின்னும்போது நுண்ணங்கிகளுக்கு நைதரசன் மிஞ்சும், மிஞ்சியது பயிருக்கு. மரத்தூளிலோ ஒரு பங்குக்குப் பல நூறு பங்கு காபன். அதைத் தின்ன வேண்டுமானால் மண்ணிலிருக்கும் நைதரசனையும் நுண்ணங்கிகளே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். பயிர் பட்டினி கிடக்கும். மரத்தூள் கூடின புதுக்கூளம் போட்ட வயல் முதல் மாதம் மஞ்சளாவது இதனால்தான். உமி அவ்வளவு மோசமில்லை. அது உக்கவே நெடுங்காலம் எடுக்கும், ஆகவே பசியும் மெதுவானது.

வாங்கும்போது கையில் அள்ளிப் பார்ப்பது நல்லது. உமி உமியாகக் கொட்டினால் நீங்கள் உமிக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். நெருக்கிப் பிடித்தால் நீர் கசிந்தால் தண்ணீருக்குக் கொடுக்கிறீர்கள். கூட்டில் வளரும் முட்டைக்கோழியின் புது எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்.

ஓர் ஏக்கர், ஒரு கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். இரணைமடுக் குளத்தின் கீழ் ஓர் ஏக்கர் வயல் என்று வைத்துக்கொள்வோம். உலர்வலய நீர்ப்பாசன நெல்லுக்கு விவசாயத் திணைக்களம் சொல்லிவந்த அளவு ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 225 கிலோ யூரியா, 55 கிலோ ரீஎஸ்பி, 60 கிலோ எம்ஓபி. ஏக்கருக்குப் பார்த்தால் 91, 22, 24 கிலோ.

யூரியாவில் 46 வீதம் நைதரசன். ஆகவே 91 கிலோ யூரியாவில் ஏறத்தாழ 42 கிலோ நைதரசன் இருக்கிறது. ரீஎஸ்பியில் 10 கிலோ பொசுபரசு. எம்ஓபியில் 14 கிலோவுக்குச் சற்று மேல் பொற்றாசியம். (பின்னிரண்டையும் உரப்பையில் அச்சடிக்கும் முறையிலேயே, ஒட்சைட்டுக் கணக்கில் சொல்கிறேன்.) இவை மூன்றும் நமக்கு வேண்டியவை.

இனி எரு. ஓரளவு காய்ந்த, உமி கலந்த இறைச்சிக்கோழிக் கூளத்தில் நைதரசன் 2.5 வீதம், பொசுபரசு 2.5 வீதம், பொற்றாசியம் 2 வீதம் என்று கொள்வோம். கொட்டிலுக்குக் கொட்டில் இது மாறும், ஆனால் கணக்குப் பழக இது போதும். ஒரு தொன்னில் 25 கிலோ நைதரசன். அது முழுவதும் இந்தப் போகத்துக்குக் கிடைக்காது. யூரிக் அமிலப் பகுதி விரைவாக அவிழும். இறகு, செரிக்காத புரதம், நுண்ணங்கிகளின் உடல் ஆகியவற்றிலுள்ளது மெதுவாக வரும். ஒழுங்காக உழுது மூடினால் முதற்போகத்தில் பாதி கிடைக்கும் எனலாம். அதாவது தொன்னுக்கு 12.5 கிலோ.

42ஐ 12.5ஆல் பிரியுங்கள். 3.36 தொன். இரண்டு மூடைக்கும் குறைவான யூரியா செய்த வேலையைச் செய்ய மூன்றரைத் தொன்னுக்குக் கிட்ட எரு. கூளம் பாரம் குறைந்தது. 50 கிலோ யூரியாப் பையில் அதை அடைத்தால் 30 கிலோ கொள்ளும். ஆகவே 112 பை. யூரியாவை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரலாம். 112 பையை இறக்கி, வயலுக்குள் சுமந்து, சமமாக வீச எத்தனை ஆள், எவ்வளவு கூலி என்பதை வன்னியில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. மாட்டெருவாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். உக்கிக் காய்ந்த மாட்டெருவில் ஒரு வீதம் நைதரசன், முதற்போகம் கிடைப்பது அதில் கால்வாசி என்று பிடித்தால் பதினேழு தொன் வேண்டும்.

இவ்வளவு எருவுக்கு எத்தனை கோழி? ஓர் இறைச்சிக்கோழி விலைப்படும் வரை, கூளமும் சேர்த்து, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எரு தரும். 3.36 தொன்னுக்கு 2,240 கோழி. வீட்டுக் கொல்லையில் மேயும் பத்து ஊர்க்கோழியை நம்பி நெல் விதைக்க முடியாது. அவற்றின் எச்சத்தில் பாதி, அயல்வீட்டு வேலியோரம்.

கணக்கில் ஒளிந்திருந்த பொசுபரசு

காசும் கூலியும் இருக்கிறது, 3.36 தொன்னும் போட்டேவிட்டோம் என்று வையுங்கள். நைதரசன் சரி. பொசுபரசைப் பாருங்கள்: 84 கிலோ. வேண்டியதோ 10 கிலோ. எட்டு மடங்கு.

கோழி எருவைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது என்பது என் எண்ணம். பயிருக்கு நைதரசன் நிறைய வேண்டும், பொசுபரசு கொஞ்சம் போதும். எருவில் இரண்டும் கிட்டத்தட்டச் சம அளவில் இருக்கின்றன. நைதரசனுக்கு அளந்து போட்டால் பொசுபரசு போகத்துக்குப் போகம் மண்ணில் சேரும். நைதரசனைப் போல் அது காற்றில் பறக்காது. மண்துகளோடு ஒட்டிக் கிடந்து, வெள்ளம் வரும்போது மண்ணோடு சேர்ந்து குளத்துக்குப் போகும். வன்னியில் மேற்குளத்தின் வயலிலிருந்து வடியும் நீர் கீழ்க்குளத்துக்குத்தான் வருகிறது. குளத்தில் பொசுபரசு கூடினால் பாசி பெருகும். பாசி செத்து அழுகும்போது நீரின் ஒட்சிசனைத் தின்னும். மீன் செத்து மிதக்கும்.

நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் கோழி எருவும் அதன்மேல் ரீஎஸ்பியும் போட்டதில், மண்ணில் பொசுபரசு தேவைக்குப் பல மடங்கு தேங்கிவிட்டது. அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரை முழுவதும் கோழிப்பண்ணை. விரிகுடாவில் பாசி பெருக அந்த எருவும் ஒரு காரணம் என்று கண்டு, இப்போது எத்தனை தொன் போடலாம் என்பதைப் பொசுபரசை அளந்து தீர்மானிக்கிறார்கள்.

ஆகவே கணக்கை மாற்றிப் போடுவோம். ஏக்கருக்கு ஒரே ஒரு தொன். அதில் பொசுபரசு 25 கிலோ; இந்தப் போகத்துக்கும் அடுத்த போகத்துக்கும் போதும், ரீஎஸ்பி தேவையில்லை. பொற்றாசியம் 20 கிலோ, எம்ஓபியும் தேவையில்லை. கிடைக்கும் நைதரசன் 12.5 கிலோ, அதாவது 27 கிலோ யூரியாவுக்குச் சமம். மிச்சம் 64 கிலோ யூரியாவை மேற்கட்டுப் பசளையாகப் பிரித்துப் போட்டால் பயிர் நிறைவாகும். 33 பை எரு இரண்டு உரத்தை முழுதாக நீக்கி, மூன்றாவதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைக் குறைத்துவிட்டது. இது பேரம் பேசத் தகுந்த கணக்கு. ஒரு தொன்னுக்கு மேற்போகும் ஒவ்வொரு பைக்கும் கிடைக்கும் பலன் இறங்கிக்கொண்டே போகும்.

சேதனம் மட்டுமே நல்லது, யூரியா நஞ்சு என்போருக்கும், எரு எல்லாம் பழங்காலம் என்போருக்கும் இந்தக் கணக்கு பிடிக்காது.

வன்னியின் முதல் மழை

கணக்கு கடதாசியில் இருக்கிறது. பெரும்போகம் மழையில் இருக்கிறது. வன்னியில் நிறைய வயல்கள் புழுதி விதைப்பு. புரட்டாசியில் காய்ந்த மண்ணை உழுது விதையை வீசிவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருப்பார்கள். விதைப்போடு சேர்த்து எருவையும் வீசுபவர்கள் உண்டு. அதில்தான் ஆபத்து.

முதல் மழை மெல்லப் பெய்து மண் நனைகிறது. நுண்ணங்கிகள் விழிக்கின்றன. யூரிக் அமிலம் அமோனியமாகிறது. மண்ணில் காற்றும் இருப்பதால் இன்னொரு கூட்டம் பற்றீரியா அமோனியத்தை நைத்திரேற்று ஆக்கிவிடுகிறது. இது நைதரசனின் இன்னொரு வடிவம். மேட்டுநிலச் சோளத்துக்கும் குரக்கனுக்கும் விருப்பமானது. ஆனால் மண்ணில் ஒட்டி நிற்காது, தண்ணீரோடு ஓடும். கார்த்திகையில் அடைமழை வந்து வயலில் நீர் கட்டியதும் மண்ணுக்குள் ஒட்சிசன் தீர்ந்துபோகிறது. அப்போது வேறொரு பற்றீரியாக் கூட்டம் நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனை மூச்சுக்கு எடுத்துக்கொண்டு, நைதரசனைக் குமிழாகக் காற்றில் விட்டுவிடுகிறது. விதைத்தவர் இன்னும் முதற்களைகூடப் பார்த்திருக்க மாட்டார், எருவில் பாதிச் சத்துப் போய்விட்டது.

சேற்று விதைப்பில் இந்த இழப்புக் குறைவு. நீர் கட்டிச் சேறடிக்கும்போது எருவை உள்ளே மிதித்துவிட்டால் அமோனியம் அமோனியமாகவே நிற்கும். நெல்லுக்கு அது பிடித்த வடிவம். அதன்பின் வயலைக் காயவிட்டு நனைத்து, காயவிட்டு நனைத்து வைத்தால்தான் மறுபடி இழப்பு. புழுதி விதைப்புக்காரர் எருவை முன்கூட்டியே போடாமல், பயிர் முளைத்து நீர் கட்டும் சமயத்தில் உக்கிய, காரம் தணிந்த எருவைத் தூவலாம். அல்லது கோழி எருவைச் சேற்று வயலுக்கும் மேட்டுநிலச் சோளத்துக்கும் ஒதுக்கிவிடலாம். சோளத்துக்கு அது வெகு பொருத்தம். வரிசையில் நடுவதால் பக்கத்தில் சால் கீறி எருவிட்டு மூடலாம், விதையில் பட்டு எரியாது. நீர் தேங்காத நிலமென்பதால் நைத்திரேற்றும் குமிழாகப் போகாது.

உக்கவைக்கும் வேலையிலும் ஓர் எச்சரிக்கை. குவித்து, நனைத்து, புரட்டிவிட்டால் குவியல் 60 பாகை வரை சூடேறி, நோய்க்கிருமியும் களைவிதையும் சாகும். கூடவே நைதரசனில் கால்வாசியோ அதற்கு மேலோ அமோனியாவாகப் பறக்கும். உமியோ வைக்கோலோ சேர்த்து, மழை படாமல் தறப்பாள் மூடி வைத்தால் இழப்புக் குறையும். செத்த கோழியைக் குவியலுக்குள் போட்டுவிடுபவர்களும் உண்டு; அது கூடாது. அழுகிய கோழியில் வளரும் கிருமி விடும் நஞ்சு, அந்த எரு வீசிய நிலத்தில் மேய்ந்த மாடுகளை முடக்கிக் கொன்றதை அயர்லாந்திலும் பிரித்தானியாவிலும் கண்டிருக்கிறார்கள். அறுவடைக்குப் பின் நம் மாடுகள் மேய்வதும் அதே வயலில்தானே.

2021

2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. ஒரே போகத்தில் நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்றார்கள். சீனாவின் சிங்தாவோவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையின் மாதிரியில் பயிருக்குத் தீங்கான பற்றீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுநீக்கச் சேவை சொல்லிவிட்டது. ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து திரவ நனோ யூரியா வானூர்தியில் வந்தது. நவம்பர் கடைசியில் தடை விலக்கப்பட்ட போது பெரும்போகப் பயிர் ஏற்கெனவே மஞ்சளாக நின்றது. 2021/22 பெரும்போகத்தின் நெல் விளைச்சல், முந்திய பெரும்போகத்தைவிட நாடளவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வீழ்ந்தது.

அந்த மாதங்களில் எல்லோரும் கோழி எருவைத் தேடினார்கள். இருந்திருந்தாலும் போதியிருக்குமா? இரணைமடுவின் கீழ் மட்டும் 20,000 ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது. ஏக்கருக்கு ஒரு தொன் என்றால் 20,000 தொன்; அதற்கு ஒரு கோடியே முப்பது இலட்சம் இறைச்சிக்கோழி வேண்டும். ஒரு குளம், ஒரு போகம். அதுவும் யூரியாத் தேவையில் மூன்றிலொரு பங்கைக்கூட முழுதாகத் தராது.

கோழி எங்கிருந்து எடுத்தது?

எருவிலுள்ள நைதரசன் கோழிக்குள் பிறந்ததல்ல. தீவனத்தில் வந்தது. ஓர் இறைச்சிக்கோழி விலைப்படும் வரை ஏறத்தாழ மூன்றேகால் கிலோ தீவனம் தின்னும். தீவனத்தில் ஐந்திலொரு பங்கு புரதம். அதிலிருக்கும் நைதரசன் 100 கிராம். பாதியளவு இறைச்சியிலும் இறகிலும் தங்கும். மிச்சம் எச்சத்தில். அதிலும் ஒரு பகுதி கொட்டிலிலேயே அமோனியாவாகப் போக, ஒன்றரைக் கிலோ கூளத்தில் 37 கிராம் நிற்கிறது. மேலே நாம் எடுத்த 2.5 வீதம் இதுதான்.

தீவனத்தில் பெரும்பங்கு சோளம், அடுத்தது சோயாப் பிண்ணாக்கு. சோளம் அனுராதபுரம், மொனராகலை, அம்பாறைப் பக்கங்களிலும் வவுனியாவிலும் விளைகிறது, யூரியா போட்டு. சோயா பெரும்பாலும் இறக்குமதி. நைதரசனில் பாதிக்கு மேல் சோயாவிலிருந்துதான் வருகிறது. சோயாச் செடி அதை வேர்முடிச்சிலுள்ள பற்றீரியாக்களின் உதவியோடு காற்றிலிருந்து பிடித்தது. ஆகவே கிளிநொச்சி வயலில் வீசும் கோழி எருவில் கடல்கடந்த ஒரு சோயா வயலும் தெற்கே ஒரு சோளச்சேனையும் இருக்கின்றன. கோழி இடையில் நின்று கைமாற்றியது.

2021 இல் யூரியா நின்றதும் சோளமும் சரிந்தது. 2022 இல் டொலரும் இல்லை, தீவனமும் இல்லை. கோழிப்பண்ணைகள் மூடின. யூரியாவுக்குப் பதிலாக நினைத்த எருவும் யூரியாவோடு சேர்ந்தே குறைந்தது.

காற்றிலிருந்து புதிதாக நைதரசனைக் கொண்டுவர வேண்டுமானால் அந்த வேலையைச் செய்யும் செடி நம் வயலிலேயே நிற்க வேண்டும். சிறுபோகத்தில் தண்ணீர் இல்லாமல் கிடக்கும் வயலில் உழுந்தோ பயறோ போடுவதும், சணல் விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவதும் வடக்கில் தெரியாத வித்தைகள் அல்ல. கோழி எருவின் பொசுபரசு இந்த அவரையினச் செடிகளுக்கும் நன்றாகப் பிடிக்கும்.

உங்கள் வயலின் எண்

மேலே போட்ட கணக்கில் 2.5 வீதம், பாதி கிடைக்கும் என்ற இரண்டு எண்களும் நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் லொறியில் வந்த எருவுக்கு அவை கூடலாம், குறையலாம். பயிரிடமே கேட்கலாம். அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய இலை நிற அட்டை என்று ஒன்றிருக்கிறது. நான்கு பச்சை நிறங்கள் கொண்ட பிளாஸ்டிக் பட்டை. முழுதாக விரிந்த மேலிலையின் நடுப்பகுதியை, வெயிலுக்கு முதுகு காட்டி நின்று உங்கள் நிழலில் வைத்து, அதனோடு ஒப்பிட வேண்டும். பத்து இடத்தில் பார்த்து, பாதிக்கு மேல் வெளிறியிருந்தால் யூரியா போடும் நேரம். கரும்பச்சையாக இருந்தால் அந்த முறை யூரியாவைத் தள்ளிவைக்கலாம்; எரு இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு வழி, வயலின் ஒரு மூலையை வரம்பு கட்டிப் பிரித்து அங்கே மட்டும் எருவில்லாமல் வழமையான உரத்தைப் போடுவது. அந்தத் துண்டின் நெல்லையும், எரு போட்ட பக்கத்தில் அதே அளவு துண்டின் நெல்லையும் தனித்தனியே அடித்து நிறுத்துப் பார்க்க வேண்டும். வெட்டு இயந்திரம் இரண்டையும் கலந்துவிடும் என்பதால் அந்த இரு துண்டையும் முதல்நாளே அரிவாளால் அறுத்துவிடுங்கள்.